ஜூலியா மறுத்த ஒரே கேள்வி

ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’ நாவலைப் படித்தவர்களுக்கு எலிக்கூண்டு நினைவிருக்கும், கட்சித் தலைவர் பெரியண்ணன் நினைவிருப்பார், இரண்டும் இரண்டும் ஐந்து என்ற கணக்கு நினைவிருக்கும். ஓப்ரையன் வீட்டில் நடக்கும் நேர்காணல் மட்டும் பலருக்கு மறந்துபோயிருக்கும். காதலர்களான வின்ஸ்டனும் ஜூலியாவும் கட்சியின் ஆட்சியை எதிர்க்கும் ரகசிய இயக்கத்தில் சேர வந்திருக்கிறார்கள். ஓப்ரையன் ஒவ்வொன்றாகக் கேட்கிறான். உயிரைக் கொடுப்பீர்களா? கொடுப்போம். கொலை செய்வீர்களா? செய்வோம். நூற்றுக்கணக்கான அப்பாவிகள் சாகக்கூடிய நாசவேலை? சரி. குழந்தையின் முகத்தில் அமிலம் வீசினால்தான் காரியம் நடக்கும் என்றால்? அதற்கும் சரி. எல்லாவற்றுக்கும் வின்ஸ்டன்தான் பதில் சொல்கிறான். ஜூலியாவுக்கும் சேர்த்து அவனே பேசுவான் என்று ஓப்ரையன் எடுத்துக்கொள்கிறான்; அவள் பக்கம் திரும்புவதுகூட இல்லை.

அப்புறம் இன்னொரு கேள்வி வருகிறது. நீங்கள் இருவரும் பிரிந்து, இனி ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே கூடாது என்றால் சம்மதமா?

“முடியாது!” என்று குறுக்கே புகுந்து சொல்கிறாள் ஜூலியா. வின்ஸ்டனுக்கு வாயே எழவில்லை. தன் நாக்கிலிருந்து எந்தப் பதில் வரப்போகிறது என்று அவனுக்கே தெரியவில்லை. வெகுநேரம் கழித்து அவனும் முடியாது என்கிறான்.

குழந்தை முகத்தில் அமிலம் வீசத் தயாராக இருப்பவர்கள் பிரிவதற்கு மட்டும் மறுக்கிறார்கள். நியாயம் பார்த்தால் இது கேவலம்தான். ஆனாலும் அந்த நாவல் முழுக்கக் கட்சிக்கு எதிராக நடப்பவற்றில் அசலானது இந்த மறுப்பு ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது.

இதைச் சொன்னதற்கு எங்கள் வாசிப்பு வட்டத்தில் கொஞ்சம் சண்டையே வந்தது. டிஸ்டோபிய நாவல், அதாவது கொடுங்கோல் ஆட்சி நடக்கும் ஓர் உலகத்தைக் கற்பனை செய்யும் நாவல், என்று பேச்செடுத்தாலே யாராவது ஒருவர், “சர்வாதிகாரத்துக்குக் காமத்தைக் கண்டால் பயம், அதனால் காமமே கலகம்” என்று ஆரம்பித்துவிடுவார். ஆர்வெல்லும் அதற்கு இடம் கொடுக்கிறார். ஊருக்கு வெளியே காட்டுக்குள் ஒரு திட்டு. சுற்றிலும் இளம் மரங்கள். எந்த மரமும் மைக் ஒளித்துவைக்கிற அளவுக்குப் பருமனாக இல்லை என்று ஜூலியா முன்பே பார்த்துவைத்திருக்கிறாள். பாலுறவு எதிர்ப்பு இளைஞர் சங்கத்தின் சிவப்புக் கச்சையை இடுப்பிலிருந்து கழற்றி எறிகிறாள். எல்லாம் முடிந்தபின் வின்ஸ்டன், இது கட்சியின் மேல் விழுந்த அடி, இது அரசியல் செயல் என்று நினைத்துக்கொள்கிறான். மேற்கோள் காட்ட அழகான இடம். பலரும் அங்கேயே புத்தகத்தை மூடிவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

கட்சி உண்மையில் என்ன செய்கிறது என்று பாருங்கள். பாட்டாளிகளுக்காக மலிவான ஆபாசப் புத்தகம் அச்சடிக்க அமைச்சகத்தில் தனிப் பிரிவே இருக்கிறது. ஜூலியாவே அங்கே வேலை பார்த்திருக்கிறாள். கட்சிக்காரன் பாட்டாளிப் பெண்ணிடம் காசு கொடுத்துப் போய்வந்தால், மாட்டிக்கொள்ளாதவரை பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. கட்சி உறுப்பினர்கள் இருவர் கல்யாணம் செய்துகொள்ள ஒரு குழு அனுமதி தர வேண்டும். அவர்கள் ஒருவர்மேல் ஒருவர் ஆசைப்படுவதாகத் தோன்றினால் அனுமதி கிடைக்காது! வின்ஸ்டனின் பிரிந்துபோன மனைவி கேத்தரினுக்கு உடலுறவு என்பது கட்சிக்குச் செய்யும் கடமை. அப்படித்தான் அவள் அதைக் குறிப்பிடுவாள்.

தன் கட்டுப்பாட்டுக்கு வெளியே விசுவாசங்கள் முளைக்கக் கூடாது என்பது மட்டும் கட்சியின் நோக்கமல்ல, இன்பத்தையே ஒழிப்பதுதான் உண்மையான நோக்கம் என்கிறது நாவல். ஜூலியாவிடம் இன்னொரு விளக்கம் இருக்கிறது: உள்ளுக்குள் சந்தோஷமாக இருக்கிறவன் எதற்காகப் பெரியண்ணனுக்கும் மூன்றாண்டுத் திட்டத்துக்கும் கூச்சல் போடப்போகிறான்? அடக்கிவைத்த ஆசைதான் அணிவகுப்பாகவும் வெறுப்பாகவும் வெளியே வருகிறது என்பது அவள் கணக்கு. கெட்டிக்காரி, பாதி சரியாகத்தான் சொல்கிறாள். ஆனால் கதை போகும் திசையைப் பார்த்தால், நாவல் முதலில் சொல்லிவிட்டுத் தாண்டிப்போன அந்த விசுவாசக் காரணம்தான் கனமாக நிற்கிறது. கட்சியால் காமத்தைச் சமாளிக்க முடியும். ஒருத்தியைச் சுட்டி, “எனக்கு இவள்தான், வேறு யாரும் வேண்டாம்” என்று ஒருவன் சொல்வதைத்தான் சமாளிக்க முடிவதில்லை.

ஆர்வெல்லுக்கு முன்னால் இந்த வழியில் போனவர் ரஷ்ய எழுத்தாளர் யெவ்கெனி ஜாமியாதின். தொழிலால் கப்பல் பொறியாளர். முதல் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்தின் நியூகாசிலில் ரஷ்யாவுக்காகப் பனி உடைக்கும் கப்பல்கள் கட்டும் பணியை மேற்பார்வை பார்த்தவர். திரும்பிப்போய் 1920, 21 வாக்கில் ‘நாம்’ நாவலை எழுதினார். 1924-ல் நியூயார்க்கில் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தது. சொந்த நாட்டில் அச்சாக 1988 ஆயிற்று. 1931-ல் ஸ்டாலினுக்கே கடிதம் எழுதி, நாட்டைவிட்டுப் போக அனுமதி வாங்கி, 1937-ல் பாரீசில் இறந்தார். ஆர்வெல் அந்த நாவலைப் பிரெஞ்சு மொழிபெயர்ப்பில் படித்துவிட்டு 1946 ஜனவரியில் ஒரு விமர்சனம் எழுதினார். ‘1984’ வெளியானது 1949-ல்.

‘நாம்’ நாவலின் ஒற்றை அரசில் ஆட்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். வீடுகளின் சுவரெல்லாம் கண்ணாடி. எழுவது, சாப்பிடுவது, நடப்பது எல்லாம் ஒரே நேர அட்டவணைப்படி. காமத்துக்கு அங்கே தடையே இல்லை, ரேஷன் உண்டு. எந்த எண்ணும் வேறு எந்த எண்ணையும் கோரலாம் என்பது சட்டம். பரிசோதனைக்கூடத்தில் உங்கள் உடம்பைச் சோதித்து, உங்களுக்குத் தேவையான நாட்களைக் கணக்குப் போட்டு, இளஞ்சிவப்புச் சீட்டுப் புத்தகம் ஒன்றைத் தருவார்கள். அந்த நாளில், அந்த மணிக்கு, சீட்டைக் காட்டினால் திரைச்சீலையை இறக்கிக்கொள்ளலாம். மற்ற நேரமெல்லாம் கண்ணாடிதான்.

கதை சொல்லும் டி-503 கணித ஆள், விண்கலம் கட்டுபவன். இந்த ஏற்பாட்டில் அவனுக்கு ஒரு குறையும் இல்லை. ஓ-90 என்ற பெண் அவனிடமும் வருகிறாள், அவன் நண்பனான கவிஞன் ஆர்-13-இடமும் போகிறாள். அவனுக்குப் பொறாமை கிடையாது, மூவரையும் ஒரு முக்கோணம் என்று சந்தோஷமாக எழுதுகிறான். பொறாமை ஒழிந்தது அரசின் சாதனைகளில் ஒன்று என்பது அவன் நம்பிக்கை.

அப்புறம் ஐ-330 வருகிறாள். பழங்கால வீடு என்ற அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போகிறாள். பழைய காலத்து மஞ்சள் உடை போட்டுக்கொள்கிறாள், புகைக்கிறாள், குடிக்கிறாள். இரண்டும் அங்கே குற்றம். சீட்டு கொடுத்து அடையக்கூடிய பெண்கள் நகரம் முழுக்க இருக்க, இவனுக்கு இவள் மட்டும் வேண்டும் என்றாகிவிடுகிறது. தூக்கம் போகிறது, கணக்கு தப்புகிறது. மருத்துவரிடம் போகிறான். அவர் பார்த்துவிட்டு, நிலைமை மோசம், உங்களுக்கு ஆன்மா உண்டாகிவிட்டது போலிருக்கிறது என்கிறார். ஆபத்தானதா என்று இவன் கேட்க, குணப்படுத்த முடியாது என்று பதில் வருகிறது. எனக்கு அந்த நாவலில் மிகவும் பிடித்த பக்கம் அது. எத்தனை தடவை படித்தாலும் சிரிப்பு வரும்.

ஹக்ஸ்லியின் 1932 நாவல், ‘பிரேவ் நியூ வேர்ல்ட்’, இதையே தலைகீழாக்குகிறது. அங்கே எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம். தூக்கத்திலேயே பாடம் சொல்லி மண்டையில் ஏற்றிவிடுகிறார்கள். லெனினா நாலு மாதமாக ஒரே ஆளோடு போய்வருவதைப் பார்த்துத் தோழி கண்டிக்கிறாள், இப்படியா ஒழுக்கமில்லாமல் இருப்பாய் என்கிற தொனியில். காமம் தாராளமாகக் கிடைக்கும் ஊரில் கற்பு தடைசெய்யப்பட்ட ஆசையாகிவிடுகிறது. அந்த உலகத்துக்கு வெளியே வளர்ந்த காட்டுமனிதன் ஜான் கடைசியில் சாட்டையோடு நிற்பது எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை, ஹக்ஸ்லி அங்கே திணறுகிறார் என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த நாலு மாத வசனம் போதும். கட்டுப்படுத்தும் அரசு, ரேஷன் தரும் அரசு, அள்ளிக் கொடுக்கும் அரசு என மூன்றும் ஒரே இடத்தில் கைவைக்கின்றன. நீயாக ஒருவரைத் தேர்ந்தெடுக்காதே.

கற்பனைக்கு வெளியிலும் இப்படித்தான் நடந்திருக்கிறது. 1935 செப்டம்பரில் நியூரம்பர்க் சட்டங்கள் யூதர்களும் ‘ஜெர்மானிய ரத்தம்’ உடையவர்களும் மணப்பதையும், மணமின்றிக் கூடுவதையும் குற்றமாக்கின. சோவியத் யூனியனில் 1947 பிப்ரவரி ஆணை ஒன்று குடிமக்கள் வெளிநாட்டவரை மணக்கவே கூடாது என்றது. ஸ்டாலின் இறந்தபிறகு 1953-ல்தான் அது நீங்கியது. ருமேனியாவில் 1966-ல் வந்த 770-ஆம் ஆணை, சில விதிவிலக்குகள் தவிர, கருக்கலைப்பைத் தடை செய்தது. அடுத்த ஆண்டே பிறப்பு எண்ணிக்கை ஏறக்குறைய இரண்டு மடங்கானது. பின்னாளில் வேலை செய்யும் இடத்துக்கே மருத்துவர்கள் வந்து பெண்களைப் பரிசோதித்தார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் கள்ளத்தனமான கருக்கலைப்பில் செத்தார்கள். 1989 டிசம்பரில் செளசெஸ்கு ஆட்சி விழுந்தவுடன் புது அரசு முதல் வேலையாக நீக்கிய சட்டங்களில் அதுவும் ஒன்று.

ஜாமியாதினே யோசிக்காத அளவுக்குப் போனது கம்போடியா. 1975 ஏப்ரல் முதல் 1979 ஜனவரி வரை அங்கே கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கத்தின் ஆட்சி. ‘அங்கார்’ என்று தன்னைச் சொல்லிக்கொண்ட அமைப்பு, யாருக்கு யார் என்று முடிவு செய்தது. ஒரே நேரத்தில் பல ஜோடிகளை நிற்கவைத்துத் திருமணம். பல பேருக்கு அன்றைக்குத்தான் எதிராளியின் முகமே தெரியும். பெற்றோர், சடங்கு, பிக்கு எதுவும் கிடையாது, அங்காருக்கு உறுதிமொழி மட்டும் உண்டு. கம்போடியக் கிராம வீடுகள் கால்நட்டு உயர்த்திக் கட்டியவை. இரவில் வீட்டுக்கு அடியில் காவலாட்கள் வந்து நின்று, மேலே புதுத் தம்பதி கூடுகிறார்களா என்று ஒட்டுக்கேட்டார்கள். அதே ஆட்சியில், தாங்களாகவே காதலித்துப் பிடிபட்டவர்களுக்கு அது ‘ஒழுக்கக் குற்றம்’, கொன்றும் இருக்கிறார்கள். உடலுறவைக் கண்டு பயப்படுகிற அரசு எதற்காக வீட்டுக்கு அடியில் ஆள் நிறுத்தி அதை நடத்திவைக்கிறது? இதைக் கேட்டபிறகுதான் எங்கள் வட்டத்தில் சத்தம் கொஞ்சம் அடங்கியது. கட்டாயத் திருமணத்தையும் அதற்குள் நடந்த வன்புணர்வையும் மானுட விரோதக் குற்றங்களில் சேர்த்து, உயிரோடு இருந்த இரண்டு தலைவர்களுக்கு எதிராக 2018 நவம்பரில் புனோம் பென் சிறப்பு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

(அரசோ ஆணையோ இல்லாமலே இந்தக் காரியத்தைக் கச்சிதமாக முடிக்கும் ஊர்களில் உட்கார்ந்துகொண்டுதான் நாமும் இதையெல்லாம் படிக்கிறோம். சாதி மாறிக் கட்டிக்கொண்டவர்களைத் தேடிக் கிளம்பும் மாமன் மச்சான்களுக்கு அங்கார் தேவைப்படுவதில்லை. அது தனியாக எழுத வேண்டியது.)

இதை மனதில் வைத்துக்கொண்டு ‘1984’-ன் கடைசிப் பகுதிக்குத் திரும்பிப் போனால் சித்திரவதையின் வரிசை வேறு மாதிரித் தெரிகிறது. காதலர்கள் பிடிபட்டாயிற்று; ஓப்ரையன் உண்மையில் கட்சியின் ஆள், இப்போது வதைப்பவனும் அவன்தான். வின்ஸ்டன் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டான். ஜூலியாவைப் பற்றித் தெரிந்த ஒவ்வொன்றையும், பழக்கவழக்கம் வரை, கொட்டிவிட்டான். ஆனாலும் “நான் ஜூலியாவைக் காட்டிக்கொடுக்கவில்லை” என்கிறான். வேறு யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள். ஓப்ரையனுக்குப் புரிகிறது. ஆமாம், அது உண்மைதான் என்கிறான். பிறகு ஒருநாள் வின்ஸ்டன் அரைத்தூக்கத்தில் ஜூலியா ஜூலியா என்று கத்திவிடுகிறான். அதன்பிறகுதான் 101-ஆம் அறை.

அங்கே அவனிடம் தகவல் எதுவும் கேட்பதில்லை. கட்சியைப் புகழச் சொல்வதும் இல்லை. எலிக்கூண்டு முகத்துக்கு நேரே வருகிறது, என்ன சொன்னால் அது நிற்கும் என்பதை அவனே கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடிக்கிறான். எனக்குச் செய்யாதே, ஜூலியாவுக்குச் செய் என்று அலறுகிறான். தன் உடம்புக்கும் எலிக்கும் நடுவே இன்னொரு உடம்பைத் தள்ளிவிடுகிறான். எந்த எண்ணின் இடத்திலும் எந்த எண்ணும் நிற்கலாம் என்ற ஜாமியாதினின் சட்டத்தை, ஆர்வெல் ஒருவனின் சொந்த வாயாலேயே சொல்லவைக்கிறார். பிறகு மார்ச் மாதக் குளிரில் பூங்காவில் இருவரும் சந்திக்கும்போது அவன் அவள் இடுப்பை வளைக்கிறான். பிணம்போல விறைப்பாக இருக்கிறது. தன் முறை வந்தபோது அவளும், எனக்குச் செய்யாதே, வேறு யாருக்காவது செய் என்றுதான் சொல்லியிருக்கிறாள். இப்போது சேர்ந்து உட்கார்ந்திருப்பதை யாரும் தடுக்கவில்லை. படுத்துக்கொண்டாலும் தடுக்கமாட்டார்கள் என்று வின்ஸ்டனுக்கே தெரியும். கட்சிக்கு இனி அதில் அக்கறை இல்லை.

இன்னொரு நுணுக்கம். விசாரணையின்போது ஓப்ரையன் பழைய ஒலிப்பதிவு ஒன்றைப் போட்டுக்காட்டுகிறான், அன்று அவன் வீட்டில் வின்ஸ்டன் ஒப்புக்கொண்டவை எல்லாம் ஒலிக்கின்றன. பொய், திருட்டு, கொலை, குழந்தையின் முகத்தில் அமிலம். நீ என்னைவிட உயர்ந்தவனா என்று காட்டத்தான் அது. அமிலம் வந்தவுடன், போதும் என்பதுபோலச் சுவிட்சைத் திருப்பி நிறுத்திவிடுகிறான். இன்னும் கொஞ்சம் ஓடவிட்டிருந்தால் ஜூலியாவின் “முடியாது” வந்திருக்கும். ஆர்வெல் வேண்டுமென்றே அங்கே வெட்டினாரா என்று தெரிந்துகொள்ள வழியில்லை. வெட்டினார் என்று நம்பவே எனக்கு ஆசை.

சரி, ஒருவரைத் தேர்ந்தெடுத்து நின்றாலே கலகம் என்று இதை முடித்துவிடலாமா என்றால், மார்கரெட் அட்வுட் விடமாட்டார். ‘தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்’ நாவலை அவர் எழுத ஆரம்பித்தது 1984-ல், மேற்கு பெர்லினில். மனித வரலாற்றில் எங்காவது நடக்காத எதையும் கதையில் சேர்ப்பதில்லை என்பது அவர் வைத்துக்கொண்ட விதி. கிலியட் குடியரசில் ஆஃப்ரெட் பிள்ளை பெறுவதற்காக ஒதுக்கப்பட்டவள். கைக்குத் தடவ லோஷன்கூடக் கிடையாது. சாப்பாட்டுத் தட்டில் வரும் வெண்ணெயில் கொஞ்சத்தை எடுத்துச் செருப்பின் நுனிக்குள் ஒளித்துவைத்து, இரவில் முகத்திலும் கையிலும் தேய்த்துக்கொள்கிறாள். இந்தத் தோலை என்றாவது யாராவது ஆசையோடு தொடுவார்கள் என்ற நம்பிக்கைக்காக. அந்த நாவலில் ஆசை என்று எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்த வெண்ணெய்தான்.

டிரைவர் நிக்கிடம் அவளை முதலில் அனுப்புவது வீட்டு எஜமானியே. கணவனால் பிள்ளை வராது, நிக்கால் வந்தால் சரி என்ற கணக்கு. அந்த முதல் இரவை ஆஃப்ரெட் ஒரு மாதிரிச் சொல்லிவிட்டு, அப்படி நடக்கவில்லை, நானாகக் கட்டிச் சொன்னேன் என்று அழித்து, வேறு மாதிரிச் சொல்கிறாள். பிறகு யாரும் அனுப்பாமலே, எஜமானிக்குத் தெரியாமல், அவளாகவே திரும்பத் திரும்பப் போகிறாள். கண்டுபிடித்தால் சாவு. தன் உண்மைப் பெயரை அவனிடம் சொல்கிறாள். கலகத்துக்கான எல்லாப் பொருத்தமும் இருக்கிறது. ஆனால் நடப்பது வேறு. ரகசிய இயக்கத்தைச் சேர்ந்த தோழி, எஜமானனின் அறையில் தேடித் தகவல் கொண்டுவா என்று கேட்கும்போது இவளுக்கு ஆர்வமே இல்லை. எல்லையைத் தாண்டி ஓடும் எண்ணமும் வடிந்துவிட்டது. நிக்கின் பக்கத்தில் இருந்தால் போதும் என்றாகிவிட்டது. அவளுக்கே இதில் வெட்கம்.

அதாவது, “எனக்கு இவன்தான்” என்று கண்டுபிடித்தவள் கிலியட்டிலேயே குடித்தனம் நடத்தத் தயாராகிவிடுகிறாள். சர்வாதிகாரம் கொஞ்சம் புத்திசாலியாக இருந்தால் ஆளுக்கொரு நிக்கைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடும் என்று தோன்றுகிறது. ஜூலியாவும் ஓரளவு இந்த ரகம்தான். தடைசெய்யப்பட்ட புத்தகத்தை வின்ஸ்டன் உரக்கப் படித்துக்காட்டும்போது தூங்கிப்போகிறாள். இருவரும் ரகசியமாகச் சந்திக்கும் அறைக்கு அவள் கொண்டுவரும் அசல் சர்க்கரை, அசல் காப்பித்தூள், முகப்பூச்சு எல்லாம் அவளைப் பொறுத்தவரை போதுமான புரட்சி. இடுப்புக்குக் கீழே மட்டும்தான் நீ கலகக்காரி என்று வின்ஸ்டன் கிண்டல் செய்கிறான், அவளும் ரசிக்கிறாள். எனக்கு அந்தக் கிண்டல் ரசிக்கவில்லை. ஓப்ரையனின் பட்டியலை வரிசையாக ஒப்புக்கொண்டது இடுப்புக்கு மேலும் கலகம் செய்கிற அந்த ஆள்தான்.

இந்த நாவல்களின் மேல் எனக்குள்ள பெரிய குறையும் இதுதான். ஐ-330, ஜூலியா இருவரும் ஓர் ஆணை உசுப்பி எழுப்புவதற்காக வந்தவர்கள்போல எழுதப்பட்டிருக்கிறார்கள். வின்ஸ்டன் ஜூலியாவிடம் பழகுவதற்கு முன்னால், அவளைக் கெடுத்துக் கொல்வதுபோலக் கற்பனை செய்தவன். ஆர்வெல் அதை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார், ஆனால் அதைப் பற்றி அவளுக்கு என்ன தோன்றியது என்று மேலே போகவில்லை. அவன் சொல்ல, அவள் தன் வேஷம் அவ்வளவு கச்சிதமா என்று சிரித்துவிடுகிறாள். டி-503-ன் கதி இன்னும் மோசம். கற்பனையை அறுத்தெடுக்கும் சிகிச்சைக்குப் பிறகு, ஐ-330-ஐ வாயுக்கூண்டில் வைத்து வதைப்பதை அவன் உட்கார்ந்து பார்க்கிறான். யாரோ ஒரு பெண் என்று எழுதுகிறான். அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை.

அதனால்தான் ஓ-90 மேல் எனக்கு ஒரு தனிப் பிரியம். தாய்மைக்கென்று அரசு வகுத்த உயரத்துக்கு அவள் 10 சென்டிமீட்டர் குறைவு, அதனால் பிள்ளை பெறத் தடை. பெற்றால் மரண தண்டனை. தெரிந்துதான் டி-503-இடம் வந்து பிள்ளை கேட்கிறாள். அவனுக்கு வேறு ஒருத்தி மேல் பித்து என்பதும் அவளுக்குத் தெரியும். கருவுற்றபின், ஐ-330-இடம் போனால் நகரத்தைச் சுற்றி நிற்கும் பச்சைச் சுவருக்கு அப்பால் தப்பவைப்பாள் என்று அவன் சொல்ல, முதலில் மாட்டேன் என்கிறாள். அவளிடம் போய் நிற்பதா என்ற ரோஷம். உயிர் போகும் நிலையிலும் அந்த ரோஷத்தை விடாமல் எழுதியதற்காகவே ஜாமியாதினுக்கு ஒரு கும்பிடு போடலாம். பிறகு ரோஷத்தை விழுங்கிக்கொண்டு போகிறாள். தப்பியும் விடுகிறாள்.

நாயகன் மூளை போய், நாயகி வதைபட்டு முடிகிற நாவலில், ஆசைப்பட்டதை வயிற்றில் சுமந்துகொண்டு சுவரைத் தாண்டியவள், குட்டையாக, குண்டாக, கொஞ்சம் அசடாக டி-503 நமக்கு அறிமுகப்படுத்திய இந்தப் பெண்தான். சுவருக்கு அந்தப் பக்கம் என்ன தின்றாள், எங்கே தூங்கினாள், பிறந்த பிள்ளைக்கு எண் வைத்தாளா பெயர் வைத்தாளா என்று அறிய எனக்கு ரொம்ப ஆசை. ஆனால் நாம் படிப்பது டி-503-ன் குறிப்பேட்டை. அவனுக்கு அதைக் கேட்கத் தோன்றவில்லை.